எசென்ஸ் கலவை: நாவின் அளவும் மூச்சின் அளவும்

மளிகைக் கடைகளில் எசென்ஸ் என்று விற்கப்படும் சிறு புட்டியில் இருப்பது ஒற்றை வாசனை அல்ல. சில வாசனைப் பொருள்களை, சில வேளை பத்து இருபது பொருள்களை, ஒரு கரைப்பானில் கரைத்துச் செறிவாக வைத்த திரவம் அது. அப்படியே நாவில் வைத்தால் கசக்கும், எரியும். பல நூறு மடங்கு நீர்த்த பிறகுதான் ரோஜாவாகவும் அன்னாசியாகவும் தோன்றும். இந்தச் செறிவைக் கொண்டு வீட்டில் செய்யப்படுபவற்றில் ரோஸ் மில்க், பாதாம் பால், கேக், ஐஸ்கிரீம் ஆகியவை பழையவை. இ-சிகரெட்டுக்கான திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்வது 2010களில் பல நாடுகளில் பரவிய புது வழக்கம். இரண்டுக்கும் புட்டி ஒன்று, கலவைக் கணக்கும் ஒன்று. போய்ச்சேரும் உறுப்பு வேறு. இத்துறையில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பாராமல் விடுவதால் வருபவை.

சென்னையில் எசென்ஸுக்கு முகவரி கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது மயிலாப்பூர்தான். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய மாட வீதியில் பத்திரிகைக் கடையாக 1920களில் தொடங்கிய காளத்தி கடை, ரோஸ் மில்க்கால் பெயர் பெற்றது. இளஞ்சிவப்புப் பாலைக் குடித்துவிட்டு அங்கேயே டம்ளரை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. அதே மயிலாப்பூரில், கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடையில் நன்னாரி வேரும் வெட்டிவேரும் எடை போட்டுக் கிடைக்கும். எசென்ஸுக்கு முந்தைய காலத்தின் மணக் கையிருப்பு இத்தகைய நாட்டு மருந்துக் கடைகளில்தான் இருந்தது. இலவங்கம், ஏலம், கருப்பூரம், சாதிக்காய், தக்கோலம் என்ற பஞ்சவாசம் தாம்பூலத்துக்கு மணமூட்டியது. ரோஜாப் பன்னீரும் தாழம்பூ நீரும் வடித்தெடுக்கப்பட்டன. கருப்பூரம் நீங்கலாக இவை மென்மையான சரக்குகள். அளவு கொஞ்சம் கூடினாலும் பண்டம் கெட்டுப்போகாது. செறிந்த எசென்ஸ் வந்த பிறகுதான் அளவு என்பது தனிப் பிரச்சினை ஆனது.

இயற்கை மணத்துக்கும் எசென்ஸுக்கும் இடையே பலர் நினைப்பதைப் போல் பெருஞ்சுவர் எதுவும் இல்லை. நன்னாரி நல்ல எடுத்துக்காட்டு. அதன் வேருக்கு மணம் தரும் முதன்மைப் பொருள் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில் இதிலும் உள்ளன. வளையத்தில் அவை அமர்ந்த இடம் மட்டுமே மாறியிருக்கிறது. நன்னாரி சர்பத்தின் மணம் சற்றே வெனிலாவை நினைவூட்டுவதன் காரணம் இதுதான். அந்த வெனிலினை ஹார்மன், டீமன் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1874இல் பைன் மரப் பட்டையின் அடியில் கிடைக்கும் கோனிஃபெரின் என்னும் பொருளிலிருந்து செய்து காட்டினார்கள். நவீன எசென்ஸ் தொழிலின் தொடக்கங்களுள் அது முக்கியமானது. இன்று உலகில் விற்கும் வெனிலினில் மிகப் பெரும்பகுதி, பெட்ரோலியத்திலிருந்து வரும் குவாயகாலைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவது. வெனிலாக் காயைப் பார்த்தே இராத கேக்குகளில் வெனிலா மணக்கிறது.

ரோஜாவின் கதை இதைவிடச் சிக்கலானது. அதன் மணத்தில் எடையால் மிகுந்திருப்பவை பினைல் எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்றவை. ஆனால் மூக்கில் பதியும் ரோஜாத்தன்மையில் பெரும்பங்கு டமாஸ்செனோன், ரோஸ் ஆக்சைடு என்ற, மிக நுண்ணிய அளவிலேயே உள்ள பொருள்களுக்கு உரியது. டமாஸ்செனோனைத் தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் வெகு கீழே இருந்தாலே மூக்கு அறிந்துவிடும். மலிவான ரோஸ் எசென்ஸில் பினைல் எத்தில் ஆல்கஹாலும் ஜெரானியாலும் மட்டும் இருக்கும்; அதனால்தான் அது சோப்பு வாடை அடிக்கிறது. நல்ல எசென்ஸ் செய்பவர் அந்த நுண்பொருள்களைத் துல்லியமாகச் சேர்க்கத் தெரிந்தவர். மற்ற மணங்களில் சில எளியவை: வாழைப்பழத்துக்கு ஐசோஅமைல் அசிடேட், அன்னாசிக்கு எத்தில் பியூட்டிரேட்டும் அல்லைல் ஹெக்சனோயேட்டும், பாதாமுக்கு பென்சால்டிஹைடு, ஏலத்துக்கு சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும். மாம்பழம் எளிதில் வசப்படாது. மல்கோவாவின் மணம் எந்தப் புட்டியிலும் முழுமையாக வந்ததில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் மணப்பொருள்களை மூன்றாகப் பிரிக்கின்றன: இயற்கையானவை, இயற்கையை ஒத்தவை, செயற்கையானவை. ஆலையில் செய்த வெனிலின், வெனிலாக் காயில் உள்ள அதே மூலக்கூறு என்பதால் இயற்கையை ஒத்தது. இயற்கையில் காணப்படாத எத்தில் வெனிலின் செயற்கை. அதன் வீச்சு வெனிலினைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இயற்கை என்ற சொல் பாதுகாப்புக்கு உறுதிமொழி அல்ல என்பதை அதே விதிகள் காட்டுகின்றன. உணவு மணத்தில் சேர்க்கக் கூடாதவை என்று அவை பட்டியலிடும் கூமரின், சாஃப்ரோல், துஜோன், பீட்டா-அசரோன் ஆகியவை செடிகளில் இயல்பாகவே கிடைப்பவை. பீட்டா-அசரோன் நம் வசம்பில் உள்ளது. முகப்புச் சீட்டைப் பற்றிய விதியில் ஒரு நுணுக்கம் உண்டு: செயற்கை மணப்பொருளாக இருந்தால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், மற்ற இரு வகைகளுக்கும் வகையின் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஆகவே வாங்குபவர் ‘இயற்கையை ஒத்த மணப்பொருள்’ என்று படிக்கலாம். உள்ளே எந்த மூலக்கூறு இருக்கிறது என்று படிக்க முடியாது. பாலில் கலப்பவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஆவியாக்கி இழுப்பவருக்கோ இந்த ஒரு குறையே போதுமான ஆபத்து.

தமிழ்நாட்டுச் சமையலறைகளில் புழங்கும் எசென்ஸ் புட்டிகளில் புஷ், வயோலா ஆகிய பெயர்கள் பழகியவை. முன்னதன் வேர் 1851இல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ. ஜே. புஷ் நிறுவனம். அது வேறிரு நிறுவனங்களோடு 1966இல் இணைந்து புஷ் போக் ஆலன் ஆயிற்று. அதை 2000இல் அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். வாங்கியது. அதன் இந்தியக் கிளை சென்னைப் பரங்கிமலையில் இயங்கிவருகிறது. பிஸ்கட், ஐஸ்கிரீம், குளிர்பானம் முதலிய பல தொழில்களுக்கு மணம் இத்தகைய நிறுவனங்களிலிருந்துதான் போகிறது. தமிழர் பானமாகிவிட்ட பொவொன்டோவும் பன்னீர் சோடாவும் இந்த வேதியியலின் பிள்ளைகளே. காளிமார்க் நிறுவனம் பொவொன்டோவை 1950களின் இறுதியில் கொண்டுவந்தது.

எசென்ஸில் எடையால் மிகுந்திருப்பது மணமல்ல, கரைப்பான். தண்ணீரில் கரையும் எசென்ஸுகளுக்குப் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், சில வேளை எத்தில் ஆல்கஹால், கிளிசரின் அல்லது டிரைஅசிட்டின். சாக்லேட்டுக்கும் எண்ணெய்ப் பண்டங்களுக்கும் தாவர எண்ணெயில் கரைத்த வகை வேண்டும்; தண்ணீர்வகை எசென்ஸை உருகிய சாக்லேட்டில் விட்டால் அது இறுகித் திரிந்துவிடும். ஆரஞ்சு போன்ற எண்ணெய் மணங்களைக் குளிர்பானத்தில் மிதக்கவிடாமல் நிறுத்த வேலம்பிசினைக் கொண்டு பால்மமாக்குவார்கள். அந்த எண்ணெயின் எடையைக் கூட்ட முன்பு சேர்த்த புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயை இந்தியா 1990இல் தடை செய்தது.

கரைப்பானைப் பற்றிச் சென்னைக்குத் தனியாக ஒரு துயர நினைவு உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு, தோற்றத்திலும் இனிப்பிலும் புரோப்பிலீன் கிளைக்காலையும் கிளிசரினையும் ஒத்தது, விலை மலிவு. சிறுநீரகத்தை அழிக்கும். 1972இல் இந்த நச்சு கலந்த இருமல் மருந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் மாண்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து 2025இல், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் செய்யப்பட்ட கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருப்பது தெரிந்தது. டைஎத்திலீன் கிளைக்காலை மணப்பொருள்களுக்குக் கரைப்பானாகப் பயன்படுத்தக் கூடாது என்று உணவு விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. உரிமம் பெற்ற ஆலைக்குள்ளேயே பீப்பாய் மாறிவிடும் என்றால், தெருக்கடையில் பெயரில்லாத கேனில் ஊற்றித் தரும் ‘கிளைக்கால்’ வீட்டுக் கலவையாளரின் கைக்கு என்னவாக வருகிறது என்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய வழியே இல்லை. வாயுநிறப்பிரிகை போன்ற ஆய்வகக் கருவியால் மட்டுமே முடியும்.

கலவைக் கணக்கில் முதல் எதிரி சொட்டு. ‘இரண்டு சொட்டு விடவும்’ என்பது சமையல் குறிப்புகளின் வாடிக்கை. தண்ணீரில் ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஆனால் சொட்டின் பருமனைத் தீர்மானிப்பது திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையும் குழாய் முனையின் அகலமும். ஆல்கஹாலின் இழுவிசை தண்ணீரின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. புரோப்பிலீன் கிளைக்காலுடையது ஏறக்குறையப் பாதி. ஆகவே ஒரே குழாயில் விட்ட ஐந்து சொட்டு ஒரு எசென்ஸில் ஓர் எடை, மற்றொன்றில் வேறு எடை. மில்லிலிட்டரும் முழுத் தீர்வல்ல. ஒரு மில்லி ஆல்கஹால் 0.79 கிராம், புரோப்பிலீன் கிளைக்கால் 1.04 கிராம், கிளிசரின் 1.26 கிராம், கெட்டியான சர்க்கரைப் பாகு 1.3 கிராமுக்குச் சற்று மேல். பாகும் கிளிசரினும் அளவுக் குவளையின் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். எனவே தொழிலில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் எடையில் அளக்கிறார்கள். 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசு வீட்டுக்குப் போதுமானது.

இதை ரோஸ் மில்க்கில் பொருத்திப் பார்க்கலாம். குடிக்கும் நிலையில் எசென்ஸ் 0.1 விழுக்காடு இருந்தால் மணம் பதமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 கிராம் டம்ளருக்கு வேண்டியது 0.2 கிராம். அவ்வளவு சிறிய எடையை ஒவ்வொரு டம்ளருக்கும் அளப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே அதை முதலில் பாகில் கலக்கிறார்கள். டம்ளருக்கு 25 கிராம் பாகு என்றால் பாகு எட்டு மடங்கு நீர்க்கிறது. பாகில் எசென்ஸ் 0.8 விழுக்காடு இருக்க வேண்டும். ஒரு கிலோ பாகுக்கு 8 கிராம், அதாவது வீட்டுக் கணக்கில் ஒன்றரை டீஸ்பூன். அனுபவசாலிகள் கைப்பழக்கத்தில் விடும் அளவும் இதை ஒட்டியே வருகிறது. பாகே இங்கு இடைநிலைக் கரைசல். டமாஸ்செனோன் போன்ற வீரியமான தனிப்பொருளைக் கையாளும் தொழிற்கூடங்களிலும் இதே முறைதான்: முதலில் பத்திலொன்றாக, பிறகு நூறிலொன்றாக நீர்த்து, அந்த நீர்த்த சரக்கை எடை போடுவது.

எப்போது விடுவது என்பதும் எவ்வளவு விடுவது என்பதைப் போலவே முக்கியம். மணப்பொருள்கள் விரைந்து ஆவியாகிவிடுபவை. கொதிக்கும் பாகில் விட்டால் வீடு மணக்கும், பாகு மணக்காது. சர்க்கரை பூத்துவிடாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரிக் அமிலம் பாகு சூடாக இருக்கும்போதே போக வேண்டும். எசென்ஸ் கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறிய பிறகு. கலந்த உடனே மணத்தைத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. ஆல்கஹாலின் கூர்மை அடங்க ஓரிரு நாள் ஆகும். மூக்கும் சில நிமிடங்களில் பழகி மரத்துப்போகும். அப்போது ‘மணம் போதவில்லை’ என்று மேலும் விடுவதுதான் அளவு மிஞ்சிப்போவதற்குத் தலையாய காரணம். கலந்தவரல்லாத ஒருவர் வெளியிலிருந்து வந்து முகர்ந்து சொல்வது எந்தக் கருவியையும்விட நம்பத்தக்கது. புட்டியில் இருக்கும்போதும் வேதியியல் ஓய்வதில்லை. பென்சால்டிஹைடு காற்றுபட்டு பென்சாயிக் அமிலமாகிறது; எலுமிச்சை, ஆரஞ்சு மணங்களில் உள்ள லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து டர்பென்டைன் வாடைக்குப் போகிறது; வெனிலின் உள்ள கலவை நாளடைவில் பழுப்பேறுகிறது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், நிரம்ப ஊற்றி, அடுப்பைவிட்டுத் தள்ளி வைப்பது இவற்றைத் தாமதப்படுத்தும். சென்னை வெயிலுக்கு இது மிகையான எச்சரிக்கை அல்ல.

கடையில் வாங்கும் ரோஸ் எசென்ஸ் பலவற்றில் நிறமும் சேர்ந்தே வருகிறது. அனுமதி பெற்ற செயற்கை நிறங்களுக்குப் பெரும்பாலான உணவுகளில் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 100 பங்கு. நிறத்தைக் கண்ணளவில் கூட்டுபவர் மணத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறார். ஆகவே இரண்டையும் தனித்தனியாக வாங்குவது மேல். அனுமதியில்லாத நிறங்களின் கேடு 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் வெளிப்பட்டது. கிண்டி உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் சோதித்த மாதிரிகளில் துணிச்சாயமான ரோடமின்-பி இருந்ததால், தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது.

இனி மூச்சின் பக்கம். சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்த இ-சிகரெட்டில், மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருள் திரவத்தை ஆவியாக்குகிறது. அந்தத் திரவம் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணச்செறிவு ஆகியவற்றின் கலவை. பெரும்பாலும் நிகோடினும் இருக்கும். கிளைக்கால் மணத்தை நன்றாக ஏந்தும், தொண்டையில் உறைக்கும். கிளிசரின் அடர்ந்த வெண்புகையையும் இனிப்பையும் தரும். மணச்செறிவு நூற்றுக்கு ஐந்திலிருந்து இருபது வரை போகிறது. வீட்டில் கலப்பவர்களுக்குச் செலவு குறைவு, விரும்பிய சுவை என்ற இரண்டு காரணங்கள் உண்டு. மூன்றாவதாக, கடைச்சரக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தான் கலந்தால் தெரியும் என்ற நம்பிக்கையும் உண்டு. அந்த நம்பிக்கை பிழையானது. எசென்ஸ் புட்டியின் உள்ளடக்கம் தெரியாதபோது அதைத் தானே ஊற்றினாலும் தெரியாதது தெரியாததுதான்.

பத்து விழுக்காடு என்பது ரோஸ் மில்க்கைவிட நூறு மடங்கு செறிவு. ஆனால் கேடு அந்த எண்ணில் மட்டும் இல்லை. ஒருவர் நாளுக்கு 3 கிராம் திரவம் இழுத்தால் உடலுக்குள் போகும் மணச்செறிவு 0.3 கிராம், ஒரு டம்ளர் ரோஸ் மில்க்கில் போகும் 0.2 கிராமைவிட அது வெகுதூரத்தில் இல்லை. வேறுபாடு வழியில் இருக்கிறது. விழுங்கியது வயிற்று அமிலத்தையும் குடலையும் கடந்து, கல்லீரலில் சிதைக்கப்பட்ட பிறகே பெரும்பாலும் இரத்தத்தில் சேர்கிறது. இழுத்தது ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்புள்ள, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கும் தடிமனில்லாத சவ்வில் நேராகப் படிகிறது. அதற்கும் முன்னால் 200 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேறு பொருளாக மாறவும் மாறுகிறது.

இதற்கு மிகத் தெளிந்த சான்று, நெய்க்கும் வெண்ணெய்க்கும் மணம் தரும் டைஅசிட்டைல். பால் புளிக்கும்போது இயல்பாகத் தோன்றும் பொருள் இது. மோரிலும் வெண்ணெயிலும் தலைமுறை தலைமுறையாக உண்டுவருகிறோம். வெண்ணெய் எசென்ஸிலும் நெய் எசென்ஸிலும் இதுவே முதன்மைச் சரக்கு. 2000இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரின் பாப்கார்ன் ஆலையில், வெண்ணெய் மணம் கலக்கும் தொட்டிகளுக்கு அருகே வேலை செய்தவர்களுக்கு நுண்மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் கண்டறியப்பட்டது. மருந்தால் மீளாத நோய் அது. அங்கே அவர்கள் தின்றது எதுவும் காரணமல்ல. சூடான மணத்தொட்டியிலிருந்து எழுந்த ஆவியே காரணம். அமெரிக்கப் பணியிட நலவாழ்வு நிறுவனம் 2016இல் பரிந்துரைத்த வரம்பு, காற்றில் நூறு கோடியில் 5 பங்கு. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 மணத் திரவங்களைச் சோதித்தபோது 39இல் டைஅசிட்டைல் இருந்தது. அதைத் தவிர்ப்பதாகச் சொல்லிச் சேர்க்கப்பட்ட பென்டேன்டையோன் என்ற உறவுப் பொருளும் விலங்குச் சோதனைகளில் அதே வகைக் காயத்தை உண்டாக்கியது. இந்திய முகப்புச் சீட்டில் ‘இயற்கையை ஒத்த’ என்ற சொல்லுக்குப் பின்னால் இவை இரண்டும் பெயரின்றி மறைந்திருக்க இடமுண்டு.

மற்ற மணங்களும் குற்றமற்றவை அல்ல. பட்டையின் சின்னமால்டிஹைடு மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை முடக்குவது ஆய்வகச் செல்களில் காணப்பட்டது. பென்சால்டிஹைடு, வெனிலின், சின்னமால்டிஹைடு ஆகியவை புட்டியில் ஊறும்போதே புரோப்பிலீன் கிளைக்காலோடு சேர்ந்து அசிட்டால் என்ற புதுப் பொருள்களாவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது; அவை மூச்சுப்பாதையின் எரிச்சல் உணர்விகளை மூலப்பொருளைவிட வலுவாகத் தூண்டின. வீட்டுக் கலவையாளர்கள் ‘ஊறினால் சுவை கூடும்’ என்று வாரக்கணக்கில் காத்திருக்கும் வேளையில் நடப்பதில் இதுவும் அடக்கம். இனிப்புக்குச் சேர்க்கும் சுக்ரலோஸ் சூட்டில் சிதைகிறது. எண்ணெயில் கரைத்த எசென்ஸும் நறுமண எண்ணெய்களும் நுரையீரலுக்குள் போனால் கொழுப்பு நிமோனியாவுக்கு வழி. 2019இல் அமெரிக்காவில் கிளம்பிய நுரையீரல் காய அலையில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ இருந்தனர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின்-ஈ அசிடேட்டோடு அது வலுவாகத் தொடர்புபட்டது. அந்த அசிடேட்டும் மாத்திரையாக விழுங்கவும் தோலில் பூசவும் பாதுகாப்பான பொருள்தான்.

‘உணவுத் தரம்’ என்ற முத்திரை இங்கே எதையும் காப்பதில்லை. அமெரிக்க மணப்பொருள் உற்பத்தியாளர் சங்கமே, தன் பாதுகாப்புப் பட்டியல் உண்ணும் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது, இ-சிகரெட்டுக்கு அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. நிகோடின் சேரும்போது கணக்குப் பிழையின் விலை இன்னும் ஏறுகிறது. எசென்ஸில் தசமப் புள்ளி தவறினால் பால் கசக்கும். செறிந்த நிகோடின் கரைசலில் தவறினால் வாந்தி, வலிப்பு, மூச்சுத் திணறல். அது தோல் வழியாகவும் உடலில் ஏறும். பழ மணத்தோடு மேசையில் கிடக்கும் புட்டி குழந்தையின் கைக்கு எட்டினால் உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நெறிமுறையில் நிகோடினை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் புட்டியை 10 மில்லிலிட்டருக்கும் கட்டுப்படுத்தியது இதனால்தான்.

உலக நாடுகள் இந்தக் கேள்வியில் பிரிந்து நிற்கின்றன. இங்கிலாந்தின் பொதுநலத் துறை 2015இல் இ-சிகரெட் புகைத்தலைவிட 95 விழுக்காடு கேடு குறைந்தது என்ற மதிப்பீட்டை ஏற்று, அதைப் புகையை விடும் கருவியாகப் பார்த்தது. நிகோடின் மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை ஆகியவற்றைவிட அது சற்றுக் கூடுதலானவர்களைப் புகையிலிருந்து விடுவிக்கிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வுகளும் சொல்கின்றன. இந்த வாதத்தைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. சிகரெட் அவ்வளவு கொடியது. ஆனால் அது தரம் சோதித்த ஆலைச் சரக்கைப் பற்றிய வாதம், வீட்டு மேசைக் கலவைக்கு நீளாது. நெதர்லாந்து 2024 முதல் புகையிலை மணம் தவிர மற்றவற்றை விலக்கிவிட்டது, பழமும் மிட்டாயும் சிறாரை ஈர்ப்பதால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாத வெள்ளையறிக்கையில் முழுத் தடையைப் பரிந்துரைத்தது.

தமிழ்நாடு அரசு 2018லேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்துவிட்டது. ஒன்றிய அரசின் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18இலும், நாடாளுமன்றச் சட்டம் அவ்வாண்டு டிசம்பரிலும் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் குற்றத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதனம் இச்சட்ட வரையறைக்குள் வருகிறது. ‘வெறும் மணந்தானே’ என்ற சமாதானம் செல்லாது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் ஹுக்கா கூடங்களையும் தடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது.

புகையை விட விரும்புபவருக்குச் சென்னையில் வேறு வழிகள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் மையம் நடைபெறுகிறது. கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800 11 2356. 2 மில்லிகிராம் நிகோடின் மெல்லும் பசை மருந்துக் கடைகளில் சீட்டின்றிக் கிடைக்கிறது. அதிலும் புதினா முதலிய மணங்கள் உண்டு. அவை மருந்துத் தரத்தில் அளந்து சேர்க்கப்பட்டவை, வாய்ச்சவ்வின் வழியே உடலுக்குள் போவதற்கென்று சோதிக்கப்பட்டவை.